தகரக்கடைத் தெருவின் எட்டு நிறங்கள்

சிவகாசியில் தகரக்கடைத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அதில் தகரக்கடை ஒன்றுகூடக் கிடையாது. முப்பத்தாறு வீடுகளும் ஒரு பஞ்சர் கடையும் ஒரு டீக்கடையும் அந்த டீக்கடைக்கு மேலே ஒரு மாடியறையும் உண்டு. அந்த மாடியறையில் ‘பழைய வீட்டுக் கணினி அன்பர் சங்கம்’ பதினான்கு வருஷமாகக் கூடிவந்தது. அதில் சேர வேண்டுமென்று ஜெயக்கொடி தன் கணினியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு படியேறிய ஞாயிற்றுக்கிழமைதான் தெருவில் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் பிற்பாடு தெருக்காரர்கள் ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். சிலர் ஆடிப் பதினெட்டிலேயே தாங்கள் பார்த்துவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள், அது உண்மையில்லை.

ஜெயக்கொடிக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு தெரு தள்ளி ஒரு காலண்டர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக நிறம் பார்க்கிற வேலை. இயந்திரத்திலிருந்து வருகிற முதல் தாளை மூலப்படத்தோடு ஒப்பிட்டு, லட்சுமியின் கன்னத்தில் மஞ்சள் கூடிவிட்டது, முருகனுடைய மயில் கொஞ்சம் வெளிறிவிட்டது என்று சொல்லவேண்டும். அவள் சொன்னபிறகுதான் அச்சு ஓடும். ஆர்டர் கொடுத்தவர்கள் நேரில் வந்து நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம் தெய்வீகமா வரணும்” என்று நச்சரித்தால், அவள் தாளை உள்ளே எடுத்துப்போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அதே தாளைத் திரும்பக் கொண்டுவந்து நீட்டுவாள். “இப்பத்தான் சரியா இருக்கு” என்பார்கள். ஒரு வருஷம் தவறாமல், ஒரு ஆள் தவறாமல் அப்படித்தான் சொன்னார்கள். மனிதர்களுடைய கண்களைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் இதிலிருந்து உண்டானது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பழைய பேப்பர் குடோனில் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ‘குருவி-48’ கிடப்பதைக் கண்டாள். மதுரையில் ஒரு கம்பெனி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் வெளியிட்டு, எண்பத்தொன்பதில் கம்பெனியோடு சேர்ந்து மறைந்துபோன வீட்டுக் கணினி அது. அழிரப்பர் மாதிரி விசைகள், திரைக்குப் பதில் வீட்டு டிவி, நிரல்களைப் பதிந்து வைக்க சாதாரண டேப் ரிக்கார்டர் கேசட். கொண்டுவந்து டிவியில் மாட்டியபோது எட்டு நிறம் தெரிந்தது. கறுப்பு, நீலம், சிவப்பு, சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தா, பச்சை, பச்சையும் நீலமும் கலந்த சயான், மஞ்சள், வெள்ளை. ஒன்பதாவது கிடையாது, கேட்டாலும் தராது. இருபத்தாறு வருஷம் லட்சம் நிறங்களோடு மல்லுக்கட்டிய கண்ணுக்கு அது பத்தியச் சோறு மாதிரி இதமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. புருஷனிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் சீரியல் வருமா என்றார். அன்றைக்குத்தான், டீக்கடை மாடியில் ஏழு பேர் இந்த மாதிரி விஷயத்தை வாரா வாரம் இரண்டு மணி நேரம் பேசிச் சண்டை போடுகிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டதை நினைத்துக்கொண்டாள். அந்த ஏழு பேர் நடுவே எட்டாவதாக ஒரு நாற்காலி வேண்டும். வேறு எதையும் அவள் அந்த வருஷம் ஆசைப்படவில்லை.

சங்கத்தின் தலைவரும் செயலாளரும் ஒரே ஆள், தவமணி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் முப்பத்து நாலு வருஷம் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மைப் பேனா. சங்கத்தின் பதினெட்டு விதிகளையும் அவரே எழுதி அவரே மனப்பாடம் செய்திருந்தார். சேர வருகிறவர் தன் கணினியில், எல்லோர் முன்னிலையிலும், கேசட்டிலிருந்து ஒரு நிரலை ஏற்றிக் காட்டவேண்டும், மூன்று முயற்சிதான் என்பது இரண்டாவது விதி. இதைச் சுலபம் என்று நினைக்கக்கூடாது. நிரல் கேசட்டில் ஒரு கிறீச்சொலியாகப் பதிந்திருக்கும், ஐந்து நிமிஷம் அது கத்தும், நாடா ஒரு மயிரிழை நழுவினாலும் கடைசி விநாடியில் எல்லாம் வீணாகும். ஆகவே அது கத்துகிறபோது மின்விசிறி ஓடாது, யாரும் பேசமாட்டார்கள், தும்மல் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடவேண்டும். விண்ணப்பதாரர் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது என்பது நாலாவது விதி. ஏற்றப்பட்ட கணினியை, நடவடிக்கைக் குறிப்பில் ஏழு பேரும் கையெழுத்துப் போடும்வரை அணைக்கக்கூடாது என்பது ஒன்பதாவது. முன்னொரு தடவை உடனே அணைத்துவிட்டதால், அது ஏறவே இல்லை என்று ஒருவரும் ஏறியது என்று ஒருவரும் வாதாடி, அந்த இரண்டு சிநேகிதர்களும் இன்றுவரை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை.

ஜெயக்கொடிக்கு முதல் முயற்சி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதில் கிறீச்சொலி நின்று, திரையில் ஒரு மரமும் மரத்துக்கு வெளியே ஒரு குருவியும் வந்தன. விசையை அழுத்தினால் குருவி பறந்தது. மரத்துக்குள் நுழைந்ததும் அது தொட்ட இடமெல்லாம் மரம் குருவியின் நிறத்துக்கு மாறியது. இது அந்தக் கணினியின் சுபாவம். திரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்துக்குள் உருவத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம், அவ்வளவுதான் இடம். இரண்டு உருவங்கள் ஒரே கட்டத்தில் சந்தித்தால் கடைசியாக வந்தவரின் நிறமே இருவருக்கும். சங்கத்தார் இதற்கு நிறப்பிணக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். இதைக் குறைபாடு என்று சொல்கிறவர்களோடு அவர்கள் பேச்சை முறித்துக்கொள்வது வழக்கம்.

எல்லோரும் கைதட்டினார்கள். தவமணி குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: ‘நிரல் ஏறியது. குருவி நீல நிறம்.’ பிறகு குருவி-48இன் கையேட்டைப் புரட்டினார். கையேட்டில் குருவி மெஜந்தா என்று இருந்தது. அப்படியானால் நிரல் சரியாக ஏறவில்லை என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார். டிவி மெக்கானிக்கான ஆரோக்கியராஜ், தனக்கு மெஜந்தாவாகத்தான் தெரிகிறது என்றார். கையேட்டைப் படித்துவிட்டுப் பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்றார் தவமணி. பதினான்கு வருஷத்தில் அவர் எதையும் தப்பாகச் சொன்னதில்லை. எனவே மற்ற ஐந்து பேரும் ஒருமுறை திரையையும் ஒருமுறை அவரையும் பார்த்துவிட்டுத் தங்கள் கண்களைச் சந்தேகித்தார்கள். ஊரிலேயே நிறம் சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நாலாவது விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றாள். கையெழுத்து ஆகவில்லை. கணினி அணையவில்லை. மின்வெட்டு வந்தால் தானாக அணைந்திருக்கும், ஆனால் ஆரோக்கியராஜ் பொருத்தியிருந்த இன்வெர்ட்டர் அவருடைய பெருமை.

அவர்கள் கீழே இறங்கி வந்தபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அருகில் ஆரோக்கியராஜ் தன் சிவப்புச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். மூன்று பேரும் தலைமுடி முதல் செருப்பு வரை சிவப்பானார்கள். கையிலிருந்த டம்ளர், டம்ளரிலிருந்த டீ, ஒருத்தர் விட்ட பீடிப் புகை, எல்லாம் ஒரே சிவப்பு. ஒருவர் டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்து, ருசி மாறவில்லை என்றார். மாறவில்லை என்றதும் கவலை பாதி குறைந்தது. எழுந்து தனியாக நடந்ததும் அவரவர் நிறம் அவரவருக்கு வந்தது. மீதிக் கவலையும் போயிற்று.

மறுநாள் ஒரு கொத்தனார் நாடா பிடித்து அளந்து, நாலடிக்கு நாலடி ஒரு கட்டம், தெரு முக்கு அம்மன் கோயில் தூணோடு சரி, அப்பால் கிடையாது என்று சொன்னார். மூன்றாம் நாள் அது பழக்கமாயிற்று. ஒரு வாரத்தில் அதற்கு மரியாதைகள் உண்டாயின. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி வருகிறவர் குரல் கொடுப்பதுபோல, இன்னொருவர் நிற்கிற கட்டத்துக்குள் நுழையுமுன் “மஞ்சள் வருது”, “பச்சை வருது” என்று சொல்லிவிட்டு நுழைவதுதான் முறை என்றாயிற்று. சொல்லாமல் நுழைந்தவனை வளர்த்த விதத்தைப் பற்றித் தெரு பேசியது. தக்காளிக்காரி ஒவ்வொரு கூறிலும் நல்ல பழமாக ஒன்றைக் கடைசியில் வைத்தாள், கூறு முழுக்கச் சிவந்தது, வாங்குகிறவர்கள் அழுத்திப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டார்கள். வார்டு தேர்தலுக்கு நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் கொடி மற்றவர் நிறமாகிவிடும் என்று பயந்து தெருவுக்குள் வருவதையே விட்டார்கள், அந்த மாதிரி அமைதியான பிரசாரம் அதற்குமுன் நடந்ததில்லை. புருஷன் போனதிலிருந்து பதினோரு வருஷமாக வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத ஒரு அம்மாள், கீரை வாங்குகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி அரக்குச் சேலையோடு வந்து நின்றதும் முழுக்கச் சிவந்து, நகராமல், ஒரு கட்டுக் கீரைக்குக் கால் மணி நேரம் பேரம் பேசினாள். அதை எல்லோரும் பார்த்தார்கள். நகராட்சிக்கு ஒரு மனு போயிற்று. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, கொசு என்று படிவத்தில் நாலு கட்டம் இருப்பதாகவும் இது எந்தக் கட்டத்திலும் வராது என்றும் பதில் வந்தது.

டீக்கடை மாடக்கண்ணுவின் மகள் ராஜகனியைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள். பெண் மாநிறத்துக்கும் ஒரு படி கூட, இதற்குமுன் நாலு வரன் அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா நீலச் சேலையில் கடைசியாக வந்து உட்கார்ந்தார், பெண், மாப்பிள்ளை, கேசரி எல்லாம் நீலமாயிற்று. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் வேறு வழியின்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். போகும்போது, நிச்சயத்துக்கு நாள் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரணம் மாடியில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிதான் என்பது நாலாம் நாளே தெரிந்துவிட்டது, ஆரோக்கியராஜ் விளக்கிச் சொன்னார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எதுவரைக்கும் என்று கேட்டார்கள். தவமணி அண்ணாச்சி கையெழுத்துப் போடும்வரைக்கும் என்றார். அன்றிலிருந்து, குடிநீர் பற்றிக்கூட அவ்வளவு அக்கறை காட்டாத தெரு, ஜெயக்கொடி சங்கத்தில் சேராமலிருக்க வேண்டும் என்பதில் ஒரே மனதாக இருந்தது. அவள் மேல் ஒருவருக்கும் கோபமில்லை. மாடக்கண்ணு அவளிடமே வந்து பணிவாகக் கேட்டார்: “அக்கா, உங்களுக்கு வேற சங்கமா இல்ல? மகளிர் குழு இருக்கு, வாராவாரம் பஜனை இருக்கு. நிச்சயம் முடியட்டும். அவங்க இன்னொரு தடவை நீலமா வந்துட்டுப் போயிரட்டும்.”

அவள் ஞாயிறு தவறாமல் போனாள். மாடிப்படியின் உச்சியில், வாசலுக்கு வெளியே போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நிறப்பிணக்கு வராமலிருக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டத்துக்கு ஒரு நாற்காலியாகப் பரீட்சை ஹால் மாதிரி அமர்ந்து, எந்தக் கம்பெனி கேசட் நாடா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும் என்று ஏழு பேரும் தப்புத் தப்பாகச் சண்டை போட்டார்கள். சரியான பதில் அவள் தொண்டைவரை வந்து நின்றது. பந்தியில் உட்கார்ந்தும் இலை போடாமல் விடப்பட்டவள் மாதிரி நாலு வாரம் அப்படி இருந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு அவள் மூன்றரை மணிக்கே வந்தாள். தவமணி மட்டும் கதவைத் திறந்துகொண்டிருந்தார். டிவியில் கோளாறா என்று பார்க்கட்டுமா என்று கேட்டாள். கூட்டம் ஆரம்பிக்கவில்லை, ஆகவே பேசலாம், பார்க்கலாம் என்று அவர் விதி பார்த்துச் சொன்னார். டிவியின் பின்பக்கம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டிக் குறைக்க மூன்று சின்னத் திருகுகள் உண்டு, ஆரோக்கியராஜ் போன வாரம் காட்டியிருந்தார். அவள் பின்னால் போய் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், கொஞ்ச நேரம் நின்றாள்.

“இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“மாறலைம்மா,” என்றார் அவர்.

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இந்தப் பதிலை அவள் கேட்டதில்லை. பொய் சொல்லத் தெரியாத ஒரு கண்ணைக் கண்டதில் அவளுக்கு மரியாதை வந்தது. பிறகு சிவப்புத் திருகை முழுக்கக் குறைத்தாள். மெஜந்தாவில் சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீலம்தான். எட்டிப் பார்த்தாள். குருவி இங்க் பாட்டில் மாதிரி சுத்த நீலமாக இருந்தது.

“இப்ப?”

அவர் கிட்டே போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேர்மையாக, கவனமாகப் பார்த்தார். “மாறலையேம்மா. முந்தி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு.”

அவள் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். அவருக்குச் சிவப்புத் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரிந்திருக்காது. வண்ணக் கோடுகளை வைத்து அடையாளம் காணவேண்டிய உதிரி பாகங்களை முப்பத்து நாலு வருஷம் ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்துதான் மாணவர்களுக்குக் கொடுப்பார் என்று ஆரோக்கியராஜ் அவருடைய கறார்த்தனத்துக்கு உதாரணமாகச் சொன்னது கறார்த்தனம் இல்லை. வெள்ளைச் சட்டை எளிமை இல்லை. இந்த ஒரு மாதமாக மனுஷர் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் காரணமில்லாமல் தெருவில் நடக்கிறாரே, அதுவும் டீக்காக இல்லை. இந்தத் தெருவில்தான், அறுபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக, நிறம் என்னவென்று அவர் கேட்காமலே ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார்கள். இப்போதும் அவர் பால்கனியில் போய் நின்று, கீழே யாரோ “சிவப்பு வருது” என்பதற்குத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்தபிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளுக்கு நாற்காலி கிடைத்துவிடும். நாலாவது விதியை மீறியதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அவள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை அமைத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் அது வாசலோடு நின்றுவிட்டது.

ராஜகனி ஞாயிறுகளில் சங்கத்துக்கு டீ கொண்டுவருவாள். அன்று வாளியைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அத்தை, எங்கப்பா சொன்னதைக் கேட்டு நீங்க சும்மா இருந்துராதீங்க. அந்த மிஷினை அணைச்சாத் தேவலை. என் நிறத்தைப் பாத்துட்டும் வர்றவன் வந்தாப் போதும். நீல மூஞ்சிக்குத் தாலி கட்டிட்டுத் தூத்துக்குடி பஸ்ல ஏறினதும் அவன் முழிச்சா, நான்தானே பதில் சொல்லணும்?”

கூட்டம் ஆரம்பித்தது. போன கூட்டத்துக் குறிப்பு, கையெழுத்தாகாத பொருள் ஒன்று. ஜெயக்கொடி வாசலில் எழுந்து நின்று ஒரு தாளை நீட்டினாள். பேசக்கூடாது என்றுதான் விதி, எழுதிக் கொடுக்கக்கூடாது என்று இல்லை. தவமணி விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, வாங்கிச் சத்தமாகப் படித்தார். சங்கத்தில் மின்சாரத்துக்கு ஆரோக்கியராஜ் இருக்கிறார், குறிப்பு எழுதத் தலைவர் இருக்கிறார், நிறம் சொல்லவென்று ஒருவர் இல்லை, ஒருவருக்கே இரண்டு வேலை வைப்பது முறையில்லை, எனவே நிறம் சொல்ல ஒருவரை நியமித்து, அவர் சொல்வதைத் தலைவர் எழுதிக்கொள்ளலாம் என்று பத்தொன்பதாவது விதி சேர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது.

விண்ணப்பதாரர் தீர்மானம் கொண்டுவர முடியாது என்றார் தவமணி. அப்போது நான் கொண்டுவருகிறேன் என்றார் ஆரோக்கியராஜ். அதற்கு விதியில் தடை இல்லை.

தவமணி தாளை இன்னொரு தடவை, இந்த முறை மனசுக்குள், படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக வாசலைப் பார்த்தார். ஆறு பேரும் அவர் தாளில் பிழை தேடுகிறார் என்று நினைத்தார்கள்.

“ஒரு சந்தேகம்,” என்றார். “தலைவர் எத்தனை தடவை கேட்டாலும் அவங்க சொல்லணுமா?”

அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது பேச்சில் சேராது.

“எதைக் கேட்டாலுமா?”

இரண்டாவது முறையும் ஆட்டினாள்.

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். ‘நீல நிறம்’ என்பதை ஒரே கோட்டில், உள்ளே இருக்கும் எழுத்து தெரியும்படி அடித்துவிட்டு, மேலே ‘மெஜந்தா’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். பேனா ஆறு கைகள் சுற்றி வந்தது. எட்டாவது நாற்காலி ஒரு கட்டத்தின் நடுவே போடப்பட்டது. அணைக்க வேண்டியது சேர்ந்தவரே என்பது வழக்கம், ஜெயக்கொடி உள்ளே போய் சுவிட்சைத் தட்டினாள். குருவி ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

மாடக்கண்ணு அதற்கப்புறம் மூன்று வாரம் அவளுக்கு டீயில் சர்க்கரை போடவில்லை. தூத்துக்குடி மாப்பிள்ளை தனியாக ஒருநாள் வந்து, ராஜகனியை வெளிச்சத்தில் நேராகப் பார்த்து, அன்றைக்குப் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்ந்தான். நிச்சயம் நடந்தது, மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார், அதிகம் பேசவில்லை. ஆனால் இதெல்லாம் பிற்பாடு.

அன்று அணைத்த உடனே ஆறு பேரும் தெரு என்ன ஆயிற்று என்று பார்க்கப் படியிறங்கி ஓடினார்கள். தவமணி இறங்கவில்லை. கீழே சத்தம் இருந்தது, ஆனால் யாரும் எந்த நிறத்தின் பெயரையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியம் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டார்.

“ஜெயக்கொடி,” என்றார். “கீழ என்ன தெரியுது?”

அவள் பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். எட்டில் அடங்குகிற ஒன்றுகூட அங்கே இல்லை.

“மாடக்கண்ணு கடைத் தட்டி மழையில ஊறின அட்டை நிறம், அண்ணாச்சி.”

“என்ன அட்டை? வெறும் அட்டைன்னு எழுதினா நாளைக்கு ஒருத்தன் சண்டைக்கு வருவான்.”

“காலண்டர் பின்னட்டை. கீரைக்குப் பேரம் பேசின அந்தம்மா கட்டியிருக்கிற சேலை, உரிச்சு ரெண்டு நாளான புளியம்பழம். ராஜகனி வாளியைக் கழுவுறா. அவ கை, வறுக்க ஆரம்பிச்ச காப்பிக்கொட்டை, கறுக்கறதுக்கு முந்தின நிமிஷம்.”

“மெதுவா, மெதுவா,” என்றார் தவமணி, பேனா ஓடிக்கொண்டிருந்தது. “முந்தின நிமிஷம். சரி. அடுத்து?”